காலிகட் யூனிவர்சிட்டி தடகளமும் நம் எல்லையோரப் பிள்ளைகளும்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுகிறாள், மாவட்ட மீட்டில் மெடல் வாங்கியிருக்கிறாள். காலிகட் யூனிவர்சிட்டிக்கு ஸ்போர்ட்ஸில் பெரிய பெயர் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், அப்படி என்னதான் அதன் பாரம்பரியம், பாலக்காட்டுப் பக்கமே ஒரு கல்லூரியில் சேர்க்கலாமா, இல்லை வாளையார் தாண்டிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடலாமா என்கிறார். நான் இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், பிள்ளைகளை மீட்டுக்கு யூனிவர்சிட்டி வளாகம் இருக்கிற தேஞ்ஞிப்பலம் கூட்டிக்கொண்டு போனவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் சார். யூனிவர்சிட்டி யாரையும் ஓட வைப்பதில்லை. ஓட வைப்பது கல்லூரி ஹாஸ்டலும், விடிவதற்கு முன்னாலேயே மைதானத்தில் வந்து நிற்கிற கோச்சும்தான். யூனிவர்சிட்டி தருவது ஒரு மீட், ஒரு கேம்ப், நெஞ்சில் பெயர் எழுதிய ஒரு ஜெர்சி. இது சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை, அந்த ஜெர்சிக்காக எத்தனையோ பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஓடியிருக்கிறார்கள். ஆனால் 'காலிகட் யூனிவர்சிட்டியில் சேர்க்கிறேன்' என்று நீங்கள் சொல்லும்போது உண்மையில் ஒரு கல்லூரியில்தான் சேர்க்கிறீர்கள். ஒரு கல்லூரிக்கும் இன்னொரு கல்லூரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்திருப்பது நல்லது.

யூனிவர்சிட்டி வந்தது 1968-ல். சி.எச். முகமது கோயா கல்வி அமைச்சராக இருந்தபோது, மலபாருக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று கேரள யூனிவர்சிட்டியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்னால் நம் பக்கத்துக் கதை வேறு. பாலக்காடு மலபார் ஜில்லா, மலபார் சென்னை மாகாணம், அதனால் பாலக்காடு விக்டோரியா கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. அங்கே ஓடிய பிள்ளைகள் பெரிய மீட்டுக்கு மதராசுக்குத்தான் ரயில் ஏறினார்கள். 1956-ல் மாநிலம் பிரிந்து, அடுத்த வருஷம் திருவிதாங்கூர் யூனிவர்சிட்டி கேரள யூனிவர்சிட்டியாக மாறியதும் பாலக்காட்டுப் பிள்ளைகள் தெற்கே திருவனந்தபுரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள், 1968-க்கு அப்புறம் வடக்கே தேஞ்ஞிப்பலத்தை. ஒரே கல்லூரி, ஒரே மைதானம், ஜெர்சி மட்டும் மூன்று. சித்தூர் பக்கம் இன்னொரு தினுசு, அது கொச்சி சமஸ்தானத்தில் இருந்த தாலுகா, அங்கே அரசுக் கல்லூரி வந்ததே 1947-ல்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும் மதராஸ் மீட், மதராஸ் மீட் என்று பேசுவது இதனால்தான்.

ஆரம்பத்தில் காலிகட்டுக்குக் காசர்கோட்டிலிருந்து திருச்சூர் வரைக்கும் எல்லாக் கல்லூரியும் சொந்தம். 1996-ல் கண்ணூர் யூனிவர்சிட்டி வந்ததும் மேலே இரண்டு மாவட்டமும் வயநாட்டின் மானந்தவாடி தாலுகாவும் போயின, இப்போது திருச்சூர், பாலக்காடு, மலப்புறம், கோழிக்கோடு, மிச்ச வயநாடு. இந்த ஐந்தைப் பாருங்கள், ஸ்போர்ட்ஸ் பைத்தியம் பிடித்த மாவட்டங்கள் எல்லாம் ஒரே கூரைக்குள். மலப்புறமும் கோழிக்கோடும் பந்து, வயநாட்டு மலையிலிருந்து நெடுந்தூர ஓட்டம், பாலக்காடு தடகளம், திருச்சூர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். யூனிவர்சிட்டி பெயரை நாடு முதலில் கேட்டதே கால்பந்தில்தான். ஆரம்பித்து மூன்றே வருஷத்தில், 1971-ல், அகில இந்திய யூனிவர்சிட்டி கால்பந்துக்கான அசுதோஷ் முகர்ஜி ட்ராபியை வாங்கிவிட்டார்கள். அந்த டீமில் கோல் காத்த விக்டர் மஞ்சிலா, 1973-ல் கேரளம் மாநிலங்களுக்கு இடையிலான கால்பந்துக் கோப்பையான சந்தோஷ் ட்ராபியை முதன்முதலாக ஜெயித்த டீமிலும் இருந்தார். நேற்று முளைத்த யூனிவர்சிட்டி, கல்கத்தா, பஞ்சாப் என்று பெரிய ஆட்களிடமிருந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது என்றால் மலபாரில் எப்படி இருந்திருக்கும்! 'நாமும் ஜெயிக்கலாம்' என்கிற எண்ணம் அங்கிருந்து எல்லா விளையாட்டுக்கும் பரவியது என்பது என் கணிப்பு.

தடகளத்துக்கு வருவோம், நீங்கள் கேட்டது அதைத்தான்.

கேரளத் தடகளத்தின் அடித்தளம் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல். இதற்கு வழி போட்டவர் ஜி.வி. ராஜா, கர்னல் கோதவர்ம ராஜா. 1954-ல் ஸ்போர்ட்ஸ் கவுன்சில் அமைந்ததற்கு அவர்தான் காரணம். 1971-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார், ஆனால் அவர் போட்ட பாதை நின்றுவிடவில்லை. பள்ளிகளில் ஸ்போர்ட்ஸ் டிவிஷன், கல்லூரிகளில் ஹாஸ்டல், பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவைக் கவுன்சில் ஏற்றுக்கொள்வது, ட்ரையல் வைத்து ஆள் எடுப்பது என்று ஒரு முறை உருவானது. 1976-ல் பெண்களுக்கான ஸ்போர்ட்ஸ் டிவிஷன் கண்ணூரில் வந்தது, அங்கே ஓ.எம். நம்பியார் கையில் கிடைத்தவர்தான் பய்யோளி பி.டி. உஷா. உஷா கதை எல்லாருக்கும் தெரியும், 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் ஹர்டில்ஸில் 55.42 விநாடி, நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போனது. அதை விட்டுவிட்டு உங்கள் மகளுக்குப் பக்கத்தில் வருகிற ஒரு கதையைச் சொல்கிறேன்.

எம்.டி. வல்சம்மா. கண்ணூர் மாவட்டத்து மலையோரத்தில் ஒட்டத்தை என்கிற குடியேற்ற ஊர். ஸ்போர்ட்ஸை மனசில் வைத்துப் படிக்க வந்தது எங்கே? பாலக்காடு மெர்சி கல்லூரிக்கு. கன்னியாஸ்திரிகள் 1964-ல் ஆரம்பித்த பெண்கள் கல்லூரி அது, நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே ஏ.கே. குட்டி என்கிற கோச் அவரை எடுத்துப் பழக்கினார். 1979-ல் புனேயில் நடந்த அகில இந்திய யூனிவர்சிட்டி மீட்டில் 100 மீட்டர் ஹர்டில்ஸிலும், ஐந்து ஐட்டம் சேர்ந்த பென்டத்லானிலும் மெடல். அதுதான் வெளியில் அவர் பெயர் தெரிந்த முதல் இடம். அப்புறம் சதர்ன் ரயில்வே வேலை. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 400 மீட்டர் ஹர்டில்ஸ் 58.47 விநாடியில் தங்கம். கமல்ஜீத் சாந்து 1970-ல் வாங்கினாரே, ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண் தடகள வீராங்கனைகளின் அந்த வரிசையில் இவரும் சேர்ந்தார். அந்த வருஷமே அர்ஜுனா விருது, 1983-ல் பத்மஸ்ரீ. லாஸ் ஏஞ்சல்ஸில் 4x400 ரிலே இறுதிப் போட்டியில் ஏழாவதாக வந்த டீமில் வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம், உஷா. நாலில் மூன்று பேர் மலையாளத்துப் பெண்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள்: ஊர், கல்லூரி ஹாஸ்டல், யூனிவர்சிட்டி மீட், ரயில்வே, இந்தியா. ஐம்பது வருஷமாகக் கேரளத்துப் பெண்கள் ஏறுகிற படி இதுதான். நடுவில் யூனிவர்சிட்டி மீட் என்கிற படி இல்லாவிட்டால் அந்த ஏணி நிற்காது, ஏனென்றால் வேலை கொடுக்கிறவர்கள் பிள்ளைகளைப் பார்க்கிற இடம் அது. அஞ்சு பாபி ஜார்ஜ் கோட்டயம் பக்கத்துச் சங்கனாச்சேரிக்காரர், ஆனால் கல்லூரிப் படிப்பு திருச்சூர் விமலா கல்லூரியில், அதாவது காலிகட் யூனிவர்சிட்டிக்குள். 2003-ல் பாரிஸில் 6.70 மீட்டர் தாண்டி உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம், இந்தியத் தடகளத்துக்கு அதற்கு முன் அப்படி ஒரு மெடல் கிடையாது. ஓட்டக்காரர்களைப் பொறுத்தவரை எந்த மாவட்டத்துக்காரர் என்பது முக்கியமில்லை, எந்த ஹாஸ்டல், எந்தக் கோச் என்பதுதான். வல்சம்மா கண்ணூரிலிருந்து பாலக்காட்டுக்கு வந்தார், அஞ்சு கோட்டயத்திலிருந்து திருச்சூருக்கு வந்தார். உங்கள் மகள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எங்கே போனாலும் தப்பில்லை.

சரி, மீட் எப்படி இருக்கும்? தேஞ்ஞிப்பலம் வளாகம் கோழிக்கோட்டுக்குத் தெற்கே ஹைவேயை ஒட்டி இருக்கிறது. உள்ளே சி.எச். முகமது கோயா பெயரில் ஸ்டேடியம், இப்போது சிந்தெடிக் ட்ராக். கல்லூரி கல்லூரியாகக் கொடி பிடித்து மார்ச் பாஸ்ட், உறுதிமொழி, அப்புறம் போட்டி. புதுசாக வருகிற பிள்ளைகள் மார்ச் பாஸ்டைச் சடங்கு மாதிரி நினைப்பார்கள். ஆனால் கிறைஸ்ட் கல்லூரி இரிஞ்ஞாலக்குடா, மெர்சி, விமலா, விக்டோரியா என்று ஒவ்வொரு பெயரையும் மைக்கில் சொல்லும்போது ஸ்டாண்டில் எழுகிற சத்தத்தைக் கேட்டால் தெரியும், ஒவ்வொரு கல்லூரிக்கும் அங்கே ஒரு மானம் இருக்கிறது. கடைசி நாள், கடைசி ஐட்டம் 4x400 ரிலே. ஓவரால் கோப்பைக்கு இரண்டு கல்லூரி ஒட்டி ஒட்டி வந்துகொண்டிருந்தால் அதுவே தீர்மானிக்கும். ஜாவலின் எறிந்தவர், ஹைஜம்ப் தாண்டியவர், காலில் ஐஸ் கட்டியவர் எல்லாரும் ட்ராக்கை ஒட்டி வந்து நின்று கத்துவார்கள். 400 ஓடுகிற பிள்ளையின் மதிப்பு அந்த நிமிஷத்தில்தான் தெரியும், ஏனென்றால் அவள் தன் ஐட்டத்துக்கு மட்டும் இல்லை, ரிலேக்கும் வேண்டியவள். ஒரு கல்லூரியில் நாலு நல்ல 400 மீட்டர் பெண்கள் இருந்தால் அந்த டிபார்ட்மென்ட் நிமிர்ந்து நடக்கும்.

சிந்தெடிக் வருவதற்கு முன்னால் இருந்த வேலையை இன்றைய பிள்ளைகள் பார்த்ததே இல்லை. மண் ட்ராக். மீட்டுக்கு முந்தின நாள் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி, கயிறு கட்டி, டேப் பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் லேன் போடுவோம். லேன் அகலம் 1.22 மீட்டர். 400 மீட்டருக்கு ஸ்டாகர், அதாவது லேனுக்கு லேன் தொடக்கக் கோட்டை எவ்வளவு முன்னால் தள்ளிப் போடுவது என்று, அளக்க வேண்டும், வெளி லேனில் ஓடுகிறவர் வளைவில் அதிக தூரம் ஓடுகிறார் இல்லையா, அதனால் இரண்டாம் லேனுக்கு 7.04 மீட்டர் முன்னால், அதற்கப்புறம் ஒவ்வொரு லேனுக்கும் இன்னும் 7.67 மீட்டர். இந்த இரண்டு எண்ணையும் பழைய பி.டி. மாஷ்கள், அதாவது உடற்கல்வி வாத்தியார்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பாலக்காட்டுக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கணவாய் வழியாக அடிக்கிற காற்று போட்ட சுண்ணாம்பைக் காலைக்குள் பாதி தூக்கிக்கொண்டு போய்விடும், மறுபடி போட வேண்டும். இந்த வேலையைச் சீனியர் பிள்ளைகளே இறங்கிச் செய்வார்கள். ஓடுகிறவர்களே தங்கள் ட்ராக்கைப் போட்டுக்கொண்ட காலம் அது. அந்தப் பழக்கம் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. வளைவின் கணக்கு காலுக்குத் தெரிவதும் கைக்குத் தெரிவதும் ஒன்றில்லை.

மீட்டில் ஜெயித்தவர்களை வைத்து யூனிவர்சிட்டி டீம். அகில இந்திய மீட்டுக்கு முன்னால் வளாகத்தில் கேம்ப் நடக்கும், ட்ராக் சூட்டும் ஜெர்சியும் கொடுப்பார்கள். வேறு வேறு கல்லூரியில் ஒருவரை ஒருவர் தோற்கடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே ரூமில் தூங்குவார்கள். ரிலேயில் பேட்டன் கைமாறுவது கேம்பில்தான் படியும், அதற்கு ஓட்டம் மட்டும் போதாது, முன்னால் ஓடி வருகிறவள் மேல் நம்பிக்கை வேண்டும். அப்புறம் ஸ்லீப்பரில் நாள் கணக்கில் பயணம். பாட்டியாலாவாக இருக்கலாம், குண்டூராக இருக்கலாம், மூடபித்ரியாக இருக்கலாம். இந்த ரயில் பயணத்தில் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதிகம்: போட்டிக்கு முன்னால் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கிற 'கால் ரூமில்' எப்போது போய் நிற்க வேண்டும், ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றில் எவ்வளவு தூரம் முழு வேகத்தில் போக வேண்டும், ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்ய வேண்டும், ஸ்பைக் ஷூவின் ஆணி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும். மண்ணுக்கு நீள ஆணி, சிந்தெடிக்குக் குட்டை ஆணி, ஓட்டத்துக்கு 9 மில்லிமீட்டருக்கு மேல் விட மாட்டார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இது தெரியாமல் போய்க் கால் ரூமில் அழுத பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

தேஞ்ஞிப்பலம் ட்ராக்கில் நடந்த ஒரு போட்டியைச் சொல்லாமல் விட முடியாது, நம் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்தவர்களுக்கு அது மறக்கக்கூடியதில்லை. 2022 ஏப்ரலில் தேசிய ஃபெடரேஷன் கப் தடகளப் போட்டி அங்கே நடந்தது. லாங்ஜம்பில் ஒரு பக்கம் பாலக்காடு யாக்கரையைச் சேர்ந்த ஸ்ரீசங்கர், விக்டோரியா கல்லூரிப் பையன். அப்பா முரளி ட்ரிபிள் ஜம்ப்காரர், அவரே கோச். அம்மா பிஜிமோள் 800 மீட்டர் ஓடியவர். இன்னொரு பக்கம் தூத்துக்குடி மாவட்டம் முதலூரிலிருந்து ஜெஸ்வின் ஆல்ட்ரின். ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டினார், அது தேசிய சாதனை. ஆல்ட்ரின் தாண்டியது 8.37. தங்கம் ஆல்ட்ரினுக்கு, சாதனை ஸ்ரீசங்கருக்கு. எப்படி என்றால், பின்னாலிருந்து தள்ளுகிற காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் அந்தத் தாண்டலைச் சாதனையாக எழுத மாட்டார்கள், ஆனால் அந்தப் போட்டியில் யார் முதல், யார் இரண்டாவது என்று பார்க்க அது செல்லும். ஸ்ரீசங்கர் தாண்டியபோது காற்று 1.5, ஆல்ட்ரின் தாண்டியபோது 4.1. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் இரண்டு பேரும் ஜெயித்தார்கள்! அடுத்த வருஷம் ஆல்ட்ரின் 8.42 தாண்டித் தேசிய சாதனையைத் தன் பெயருக்கு மாற்றினார், ஸ்ரீசங்கர் 8.41 வரைக்கும் வந்தார், 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்திலும் 2023 ஹாங்ஜோ ஆசியப் போட்டியிலும் வெள்ளி வாங்கினார். தமிழ்நாட்டுப் பையனும் பாலக்காட்டுப் பையனும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு மேலே போனார்கள், அது தொடங்கிய மேடைகளில் ஒன்று ஒரு யூனிவர்சிட்டி மைதானம் என்பதில் எனக்குப் பெருமை.

பாலக்காட்டுப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எர்ணாகுளத்தில் கோதமங்கலத்துப் பள்ளிகள் மாநிலப் பள்ளி மீட்டை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், பறளி, முண்டூர், குமரம்புத்தூர் கல்லடி என்று நம் மாவட்டத்துப் பள்ளிகள் எழுந்து வந்து எதிர்த்து நின்றன. பறளியில் மனோஜ் மாஷ், முண்டூரில் சிஜின் மாஷ். வசதி ஒன்றும் இல்லாத மைதானங்கள்தான். முண்டூர் பி.யு. சித்ரா விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை, 1500 மீட்டரில் 2017-ல் புவனேஸ்வரத்திலும் 2019-ல் தோஹாவிலும் ஆசியச் சாம்பியன். ஆசியச் சாம்பியன் ஆன பிறகும் 2017 லண்டன் உலகப் போட்டிக்கு அவரை எடுக்கவில்லை, விஷயம் ஹைகோர்ட் வரைக்கும் போனது, ஊரே கொதித்தது. இந்தப் பள்ளிகளிலிருந்து வருகிற பிள்ளைகள்தான் கல்லூரி ஹாஸ்டல்களை நிரப்புகிறார்கள். வருத்தம் என்னவென்றால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் என்று நம் தமிழ்ப் பள்ளிகள் பக்கம் அப்படி ஒரு மையம் உருவாகவில்லை. ஓடக்கூடிய பிள்ளைகள் இல்லாமல் இல்லை. வந்து நிற்கிற மாஷ் இல்லை, அவ்வளவுதான். உங்கள் மகள் அப்படியும் மாவட்ட மெடல் வரைக்கும் வந்திருக்கிறாள் என்றால் அவளிடம் விஷயம் இருக்கிறது.

இப்போது நிலைமை முன்பு மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேரளத்துக்குள்ளேயே கோட்டயம் எம்.ஜி. யூனிவர்சிட்டி 1983-ல் வந்ததிலிருந்து பெண்கள் தடகளத்தில் பெரிய ஆள், பாலா அல்போன்சா, சங்கனாச்சேரி அசம்ப்ஷன் மாதிரி கல்லூரிகளின் பலம். அகில இந்திய அளவில் மங்களூர் யூனிவர்சிட்டி பல வருஷமாக முன்னால் நிற்கிறது, அதற்குக் காரணம் மூடபித்ரி ஆல்வாஸ் கல்லூரி என்கிற ஒரே கல்லூரி என்றே சொல்லலாம். நல்ல ட்ராக், சாப்பாடு, படிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுத்து எல்லா மாநிலத்திலிருந்தும் பிள்ளைகளை எடுக்கிறார்கள், கேரளத்திலிருந்தும் போகிறார்கள். வடக்கே தனியார் யூனிவர்சிட்டிகள் ஃபீஸ் வாங்காமல் கூப்பிடுகின்றன. மொத்த ஸ்போர்ட்ஸுக்கும் சேர்த்துக் கொடுக்கிற மௌலானா அபுல் கலாம் ஆசாத் ட்ராபி பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து யூனிவர்சிட்டிகளுக்குத்தான் போயிருக்கிறது. நம் ஹாஸ்டல்களில் சாப்பாட்டுப் பணம் நேரத்துக்கு வராமல் கோச் கையிலிருந்து முட்டை வாங்கிக் கொடுத்த நிலையை ஒரு கல்லூரியில் கண்ணால் பார்த்தேன். பழைய பெருமை முட்டை வாங்கித் தராது. இதைச் சொல்வதில் எனக்குக் கசப்பு இருக்கிறது, ஆனால் மகளை அனுப்பப்போகிற அப்பாவிடம் மறைக்க முடியாது.

அப்படியானால் கோயம்புத்தூரா? பாரதியார் பல்கலைக்கழகம் 1982-ல் வந்தது, கோவையில் நல்ல கல்லூரிகள் உண்டு, தமிழ்நாட்டு மீட்களில் போட்டியும் கடுமைதான். மொழிச் சிக்கல் இல்லை, சொந்தக்காரர்கள் இருப்பார்கள், நமக்குக் கோவை பாலக்காட்டை விடப் பக்கம் மாதிரியே தோன்றும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அவளுடைய சர்டிபிகேட் எல்லாம் கேரளத்து மாவட்டம், கேரளத்து ஸ்கூல் மீட். ஸ்போர்ட்ஸ் கவுன்சில் ஹாஸ்டல் ட்ரையல், கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டா, பின்னால் கேரள அரசு வேலைக்கான ஸ்போர்ட்ஸ் இடங்கள் இவற்றுக்கெல்லாம் கேரளத்துக்குள் தொடர்ந்து ஓடியிருப்பது கை கொடுக்கும். இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சில பேர் பள்ளியை இங்கே முடித்துவிட்டு அங்கே போய், கடைசியில் இரண்டு மாநிலத்திலும் பாதிப் பாதி சர்டிபிகேட்டோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். பாலக்காட்டு ஹாஸ்டலில் தமிழ் பேசினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கோச்களில் நிறையப் பேர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். பாடமும் தமிழில் வேண்டுமென்றால் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது, ஆனால் அவளுடைய ஐட்டத்துக்கு அங்கே யார் கோச் என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். என் சாய்வு பாலக்காடு அல்லது திருச்சூர். கோவையில் 400 மீட்டருக்கென்று பெயர் எடுத்த கோச் ஒருவர் நேராக அவளைக் கேட்டிருந்தால் மட்டும் என் பேச்சை ஒதுக்கிவிட்டு அங்கே அனுப்புங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ப்ராஸ்பெக்டஸில் அச்சடித்த கோப்பைப் படங்களைப் பார்க்காதீர்கள். ஒரு நாள் காலையில் ஆறு மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போய் நில்லுங்கள், சொல்லிவிட்டுப் போக வேண்டாம். கோச் வந்திருக்கிறாரா? எத்தனை பெண்கள் 400 ஓடுகிறார்கள்? தனியாக ஒருத்தி மட்டும் என்றால் வேண்டாம், கூட ஓட ஆள் இல்லாமல் 400 மீட்டரில் நேரம் குறையாது, கடைசி 80 மீட்டரில் கால் கல்லாகும்போது பக்கத்து லேனில் ஒருத்தி மூச்சு வாங்குகிற சத்தம் கேட்க வேண்டும். சிந்தெடிக் ட்ராக்குக்கு வாரத்தில் எத்தனை நாள் கூட்டிப் போகிறார்கள் என்று கேளுங்கள், பாலக்காட்டில் மெடிக்கல் காலேஜ் மைதானத்தில் இருக்கிறது, ஸ்ரீசங்கர் பழகியதும் அங்கேதான். ஹாஸ்டல் சமையலறையை எட்டிப் பாருங்கள். சீனியர் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், காயம் பட்டால் யார் பார்க்கிறார்கள், பரீட்சை சமயத்தில் மீட் வந்தால் அட்டெண்டன்ஸ் என்ன ஆகிறது, இரண்டையும் அவர்கள்தான் உண்மையாகச் சொல்வார்கள். கிரேஸ் மார்க், அட்டெண்டன்ஸ் சலுகை எல்லாம் விதியில் இருக்கும், அதை வாங்கிக் கொடுக்கிற ஆள் அந்தக் கல்லூரியில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இது அம்மாக்கள் கேட்க வேண்டியது, அப்பாக்களும் கேட்கலாம். ஹீமோகுளோபின் பார்த்திருக்கிறீர்களா? நம் பக்கத்துப் பெண்களில் நிறையப் பேருக்கு ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு, 400 ஓடுகிற பெண்ணுக்கு அது குறைந்தால் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் நேரம் இறங்காது, கோச் அவளைச் சோம்பேறி என்று திட்டுவார், பிள்ளை மனசு விட்டுப்போகும். ஹாஸ்டலில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், மாதவிடாய் சீராக இருக்கிறதா என்பதையும் கோச்சிடம் பேசக்கூடிய ஒரு பெண் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள்.

காகித வேலை: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓரிரு இடம்தான் இருக்கும், அதற்குப் பட்டியல் தனியாக வரும். ஆனால் யூனிவர்சிட்டியின் ஆன்லைன் விண்ணப்பத்தில் முதலில் பதிந்திருக்க வேண்டும், அங்கே ஸ்போர்ட்ஸ் என்று குறிக்காமல் விட்டுவிட்டால் பிறகு யாரிடம் போய் நின்றாலும் கஷ்டம். சர்டிபிகேட்டில் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், தமிழில் ஒரு விதமாகவும் மலையாளத்தில் ஒரு விதமாகவும் எழுதி இங்கிலீஷில் மூன்றாவதாக ஒன்று வருவது நம் எல்லையோரத்தில் சகஜம், அதற்காகவே இடம் போன பிள்ளைகள் உண்டு. ஸ்போர்ட்ஸ் கவுன்சில் ஹாஸ்டல் ட்ரையலுக்குத் தனி விண்ணப்பம், கல்லூரி சேர்க்கைக்காகக் காத்திருக்க வேண்டாம், பாலக்காடு மாவட்ட ஸ்போர்ட்ஸ் கவுன்சில் ஆபீஸில் கேட்டால் தேதி சொல்வார்கள். ட்ரையலுக்கு அவள் 400 ஓடிய நல்ல நேரம் எது, எந்த மீட்டில், எந்த மாதிரி ட்ராக்கில் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்த நேரத்தை இங்கேயும் எழுதுங்கள், எந்தக் கல்லூரி கோச்சைப் போய்ப் பார்க்கலாம் என்று குறிப்பாகச் சொல்ல முயற்சி செய்கிறேன்.